முஸல்லா விரிக்காத நாட்கள்

அந்தச் சுவரொட்டியை வரைந்தவர் ஒரு நாளாவது கண்டிக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான அக்குறணைப் பக்கம் வந்திருக்க மாட்டார். குட்டைப் பாவாடை போட்ட ஒரு பெண், கையில் கிளாஸோடு ஓர் ஆண், இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு மண்டையோடு. கீழே எயிட்ஸ் பற்றித் தமிழில் ஒரு வாசகம். நானே இரண்டு தரம் வாசித்துத்தான் அதன் பொருளைப் பிடித்தேன். கட்டுக்கட்டாக அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். மது குடிக்கும் பழக்கமே இல்லாத ஊர்களில், முக்காடு போட்ட பெண்கள் கூடும் வீடுகளில், அதை நாங்கள் சுவரில் ஒட்டுவோம். பெண்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, இது வேறு யாருக்கோ வந்த செய்தி என்று நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார்கள்.

தொண்ணூறுகளில் நான் கண்டியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கு எயிட்ஸைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. சிங்களத்தில் பேசுவது டொக்டர் அம்மா. அதைத் தமிழாக்குவது நான். சாரதியையும் சேர்த்து மூன்று பேர், ஒரு பழைய வான். சண்டை நடந்த காலம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிக்காரர் வானை மறிப்பார்கள். டொக்டரையும் சாரதியையும் ஒன்றும் கேட்பதில்லை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் நான் மட்டும் இறங்கி நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டொக்டரும் இறங்கி வந்து என் பக்கத்தில் நிற்பார். முதலில் அது எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என் தமிழ் அந்தப் பெண்களுக்கு ஒரு வேடிக்கை. நான் "ஓம்" என்றால் பின்வரிசையில் ஒருத்தி மெதுவாக "ஓம்" என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் தமிழும் எனக்கு இலேசில் பிடிபடவில்லை. 'இருக்கிறது' அங்கே 'ஈக்கிது', 'சொல்' அங்கே 'செல்', அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல் நாள் ஓர் இளம் பெண் என் பின்னால் நின்று "தாத்தா" என்று கூப்பிட்டபோது, யாரோ கிழவரைக் கூப்பிடுகிறாள் என்று நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். இந்தக் கதை அவளைப் பற்றியதுதான்.

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிரதான வீதியை விட்டு மேட்டில் ஏறினால் அவள் வீடு. புருஷன் சவூதியில் சாரதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். ஒரு சின்ன மகள். வீட்டை ஆளுவது மாமியார். கெட்டிக்காரி, வாய் ஓயாது, அதே நேரம் யாருக்கும் ஒரு கெடுதி நினைக்காத மனுஷி. எங்கள் கூட்டத்துக்குத் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தவரே அவர்தான். கதிரைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுப் பாய் விரித்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து எதையுமே நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்க செல்லுறது சரிதான். ஆனா எங்கட மகன் ஈக்கிறது மக்கா ஈக்கிற நாட்டில. அங்க இந்த அசிங்கமெல்லாம் இல்ல."

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இதை நான் போகும் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். நோய் போவதென்றால் பாங்கொக்குக்குப் போகும், கொழும்புத் துறைமுகத்துக்குப் போகும். ஹஜ்ஜுக்குப் போகிற நாட்டுக்குள் அது எப்படி நுழையும்? நான் டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பௌத்தர். மற்றவர்களுடைய புனித இடத்தைப் பற்றி வாய் திறக்க அவருக்குப் பயம். அதனால் வேறு வழியாக வந்தார். அந்த நாடுகளில் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், இந்த நோய் இருந்தால் சில நாளிலேயே விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால்தான் அங்கே நோய் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்றார். பலருக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்றுகூடச் சொல்வதில்லை, சாமான் கட்டவும் நேரம் கிடையாது என்றார். நான் தமிழில் சொன்னேன். மாமியார் கொட்டாவி விட்டார்.

கூட்டம் முடிந்து நான் செருப்பைத் தேடும்போதுதான் அந்தப் பெண் பின்னால் வந்தாள்.

"தாத்தா, ஆளப் பாத்தா வெளங்குமா?"

"என்ன?"

"அந்த நோய். மொகத்தப் பாத்தா வெளங்குமா?"

"விளங்காது பிள்ளை. நல்ல சுகமா, கொழுகொழு எண்டுகூட இருக்கலாம். இரத்தம் பாத்தாத்தான் தெரியும்."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போது அவள் புருஷன் சவூதியில்தான் இருந்தான். லீவுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. சும்மா கேட்டுவைத்தாள் என்று நினைத்தேன்.

சவூதியிலிருந்து ஒருவர் வருவதென்றால் அந்த ஊரில் அது ஒரு சின்னப் பெருநாள். விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போவார்கள். கயிறு வரிந்து, பெரிய எழுத்தில் பெயர் எழுதிய பெட்டிகளைக் கூரைமேல் கட்டிக்கொண்டு வருவார்கள். போர்வை, பால்மா டின், சவர்க்காரம், அத்தர், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாஸ்டிக் கேனில் ஸம்ஸம் தண்ணீர், மக்காவின் புனிதக் கிணற்று நீர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சின்னக் கோப்பையில் அதைக் கொடுப்பார்கள். எழுந்து நின்று, பிஸ்மி சொல்லி, மனதில் ஒன்றை நினைத்துக் குடிப்பார்கள். எத்தனை பெட்டி வந்தது என்று ஊர் ஒரு வாரம் பேசும்.

அவள் புருஷன் ஒரு மத்தியானம் அக்குறணைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கைப்பையோடு நடந்தே வீட்டுக்கு வந்தான். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கபீல் சரியில்லை, சண்டை வந்துவிட்டது, விட்டுவிட்டு வந்தேன் என்றான். கபீல் என்றால் அங்கே வேலைக்கு எடுத்த முதலாளி. கெட்ட கபீல்களைப் பற்றி எல்லோரிடமும் நூறு கதை இருந்ததால் ஊர் அதை அப்படியே நம்பியது. மாமியார் ஒரு வாரம் அந்தக் கபீலைச் சபித்தார். ஸம்ஸம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதம் கழித்து, கண்டியில் எங்கள் கிளினிக்குக்கு மாமியார் மருமகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவருக்குப் பெரிய ஆறுதல்.

"நல்ல வேள நீங்க ஈக்கிறீங்க மிஸ். மருமகளுக்கு இரத்தம் நிக்கிறல்ல. குளிக்கிற, ஒரு நாள் தொழுற, மறுகா தொழுகையில்லண்டு செல்லுற. மகன் வந்த நாளிலருந்து இதே பாடுதான். பொம்புளைக்கு இதுக்கு மார்க்கத்தில ஒரு கணக்கு ஈக்கிது. கணக்குக்கு மேல போனா அது நோய். கேட்டுச் செல்லுங்க டொக்டர்க்கிட்ட."

நான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டின் ஒழுங்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். பெண்ணுக்கு மாதவிலக்கென்றால் தொழக் கூடாது, நோன்பும் பிடிக்கக் கூடாது, தொழுகைப் பாயான முஸல்லாவை விரிக்க மாட்டாள். புருஷனும் நெருங்கக் கூடாது. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மடித்த முஸல்லா அலுமாரிமேல் கிடந்தால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும். மாமியார் மருமகளின் உடம்பைக் கவனித்தது அந்தப் பாயை வைத்துத்தான்.

டொக்டர் மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் அவளைப் பரிசோதித்தார். கையைக் கழுவிக்கொண்டே வந்து, "இவளுக்கு ஒன்றுமில்லையே. என்னவென்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"எனக்கு இரத்தம் ஒண்டும் போகல்ல தாத்தா. அவர் வந்த அண்டைக்கு உண்மையாவே எனக்குத் தொழுகையில்லாத நாள். பொறகு முடிஞ்சிச்சி. முடிஞ்சதெண்டு நான் செல்லல்ல."

"ஏன்?"

"கையில சாமான் இல்லாம வந்தார். ஸம்ஸமும் கொண்டரல்ல. சண்ட புடிச்சி வந்தவங்களும் ஒரு போத்தலாவது கொண்டருவாங்க. அண்டைக்கு எங்கட வீட்டில நீங்கதானே செல்லினீங்க, சாமான் கட்டவும் உடமாட்டாங்கண்டு."

கொட்டாவிகளுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே சொன்ன அந்த ஒரு வசனத்தை அவள் அப்படியே வைத்திருந்தாள். நான் டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அவர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மிச்சத்தையும் அவளே சொன்னாள். புருஷன் திரும்ப வெளிநாடு போக ஏஜென்ஸிக்காரனைப் பார்க்க அடிக்கடி கொழும்புக்குப் போவான். போனால் இரண்டு நாள் நிற்பான். அந்த நாட்களில் அவள் குளித்து முஸல்லாவை விரித்துத் தொழுவாள். அவன் திரும்பி வரும் நாளில் பாய் மறுபடி அலுமாரிமேல் ஏறிவிடும். அவன் முகம் சுளிப்பான், ஆனால் கேட்கமாட்டான். அந்த விஷயத்தில் கேள்வி கேட்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை.

எனக்கு அன்று யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. மாதக்கணக்காக நாங்கள் ஊர் ஊராகப் போய், மரத்தில் செய்த ஒன்றை வைத்துக்கொண்டு, ஆணுறை போடுவது எப்படி என்று காட்டினோம். பெண்கள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். உங்கள் கணவரிடம் தைரியமாகப் பேசுங்கள் என்று டொக்டர் சொல்வார். நானும் அழகான தமிழில் அதைச் சொல்லிவிட்டு வானில் ஏறுவேன். பேசிப் பார்த்தவள் யார் என்று நாங்கள் ஒருபோதும் திரும்பிப்போய்க் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை அவள் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். அதற்கு அவள் கொடுத்த விலை தொழுகை. வெளிநாட்டிலிருக்கும் புருஷனுக்காக ஐந்து நேரமும் கையேந்திய பெண், அவன் வீட்டுக்கு வந்ததும் தொழுகையை விட வேண்டியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நாளைக்குத் தாத்தா? நோம்பு வருது. தொழுகைய உட்ட மாதிரி நோம்பையும் பொய் செல்லி உடேலாது. அது என்னால ஏலாது" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

டொக்டர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று கதவைத் திறந்து மாமியாரை உள்ளே கூப்பிட்டு, என் வழியாகக் கண்டிப்பாகப் பேசினார். இது இரத்தம் சம்பந்தமான விஷயம், காரணம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு பேருடைய இரத்தத்தையும் பார்க்க வேண்டும், முடிவு வரும்வரை இரண்டு பேரும் தனித்தனியாகப் படுக்க வேண்டும் என்றார். தொழுகைக்கு ஒரு தடையும் இல்லை, இன்றே குளித்துவிட்டுத் தொழச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். சொன்னதில் பொய் எது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. நான் அப்படியே தமிழில் கொடுத்தேன்.

மாமியார் எழுந்து நின்றுகொண்டார். "மகன நான் கூட்டிட்டு வாரன். மருமகளுக்கு மருந்தெண்டா அவன் வராம எங்க போற?" என்றார்.

சொன்னபடி அடுத்த கிளினிக்குக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், நல்ல நிறம், கையில் சவூதியில் வாங்கிய மணிக்கூடு. இரத்தம் எடுக்கும்போது அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கேயும் இப்படித்தான் எடுத்திருப்பார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ பொலிஸ்காரன் ஒருவன் அறைக்கு வந்திருப்பான். ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் நம்பவில்லை. பயந்தவன் கேள்வி கேட்கமாட்டான், பதில் வந்துவிடுமே என்று.

முடிவு கொழும்பிலிருந்து வர வேண்டும். அந்த நாட்களில் வீதித் தடைகளும் சோதனைகளுமாக எல்லாமே தாமதித்தன. வந்த அன்று டொக்டர் முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவன் சிங்களம் நன்றாகப் பேசுவான், எனக்கு வேலையில்லை. நான் வெளியே வாங்குப் பலகையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் இருந்தேன். மாமியார் அக்குறணைக் கடைகளில் துணி விலை ஏறியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் விரல் மடித்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

நீண்ட நேரம் கழித்து டொக்டர் கதவைத் திறந்து அவளையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தானே சொல்வதாக அவன் ஒத்துக்கொண்டானாம். டொக்டரின் முகத்தையும் பார்க்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல், சுவரிலிருந்த எங்கள் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு ஈக்கிது. ஒனக்கு இல்ல."

மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். மேசைமேல் இருந்த போத்தலிலிருந்து அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, "உம்மாக்கு வேணாம்" என்றான். தாய்க்குத் தெரிய வேண்டாம் என்று அர்த்தம். அவளும் சரி என்றாள்.

அவன் வெளியே போன பிறகு அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நான் பொய் செல்லித் தொழாம உட்டதுக்கு அல்லாஹ்ட கணக்கில குத்தம் எழுதுவாங்களா தாத்தா?"

இதை என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம்? டொக்டரிடம் சொன்னேன். அவர், "அது எனக்குப் படிப்பிக்காத பாடம்" என்றார். பிறகு, "ஆனால் இந்த மாவட்டத்தில் நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் தப்பியிருக்கிறார் என்றால் அது இவள்தான், அதைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. உண்மையான மாதவிலக்கில் விட்ட தொழுகையைத் திருப்பித் தொழத் தேவையில்லையாம். பொய்க்கு விட்டதை ஒன்றுவிடாமல் களா என்று பிற்பாடு திருப்பித் தொழுது தீர்க்க வேண்டுமாம். எது மெய்யான நாள், எது பொய்யான நாள் என்று இப்போது தனக்கே குழம்பிவிட்டது என்றாள். அதனால் எல்லாவற்றையும் திருப்பித் தொழப் போவதாகச் சொன்னாள்.

வெளியே மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மிஸ் செல்லுறாங்க?"

"மருமகளுக்கு ஒண்டும் இல்லை உம்மா. சுகம் வந்திட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் இரண்டு கைகளாலும் என் முகத்தைத் தடவினார். பின்னால் மகன் நின்றுகொண்டிருந்தான்.

நோன்புக்குச் சில நாள் முன்பு அதே மேட்டில் இன்னொரு வீட்டில் எங்களுக்குக் கூட்டம். முடிந்து இறங்கும்போது மாமியார் படலையில் நின்று, தேத்தண்ணி குடிக்காமல் போகக் கூடாது என்று மறித்தார். டொக்டர் வானில் இருந்துவிட்டார், நான் போனேன். மகன் சந்தியில் ஒரு பழக்கடை போட்டிருப்பதாகச் சொன்னார். நெஞ்சு சரியில்லையாம், சவூதிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால் முன்னறையில் தனியாகப் படுக்கிறானாம். எங்கள் கூட்டத்துக்குப் பாய் விரித்த அதே முன்னறை.

நடு அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் வெள்ளைத் துணி போர்த்தித் தொழுதுகொண்டிருந்தாள். மத்தியானத் தொழுகையான லுஹர் முடிந்து வெகு நேரமாகிவிட்டது, பிற்பகல் தொழுகையான அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் மகள், தாயின் முக்காட்டு நுனியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா மிஸ்" என்று மாமியார் குரலைத் தாழ்த்தினார். "சுகம் வந்த நாளிலருந்து இப்பிடித்தான். அஞ்சி நேரம் பத்தல்ல. ஒரு தொழுக முடிஞ்சா இன்னொரு தொழுக. ஏண்டு கேட்டா செல்லுறல்ல, எனக்கு வெளங்காதா? ஆம்புளப் புள்ள ஒண்டு கேக்குறா. மகனும் இனி ஊரோடதானே. அல்லாஹ் குடுப்பான்."

"குடுப்பார் உம்மா" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

உள்ளே அவள் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் திரும்பும்போது என்னைக் கண்டாள். சிரிக்கவில்லை. முஸல்லாவை மடிக்காமல் மறுபடி எழுந்து நின்று கையைக் கட்டினாள்.

"எங்கட மருமகளப் போல தொழுற பொம்புள இந்த ஊரில இல்ல மிஸ்."

"ஓம்" என்றேன். அன்று அந்த வீட்டில் நான் சொன்னவற்றில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.